பாதி முழக்கம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் குரோவேஷியத் தலைநகர் ஸாக்ரெப்பில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சியைப் பற்றி நான்கே வரிகளில் எழுதியிருந்தேன். ஐந்து லட்சம் பேர் திரண்ட அந்த நிகழ்ச்சி ஒரு பாட்டின் முதலிரண்டு சொற்களுக்காக ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது என்று மட்டுமே சொல்லி, வேறு கேள்விக்குப் போய்விட்டேன். அந்த நான்கு வரிகளுக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. எனவே வழக்கமான சினிமா, சமையல், கிரிக்கெட் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இம்முறை அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஒரு பாடகருக்கு ஐந்து லட்சம் பேர் டிக்கெட் வாங்கினார்கள் என்பதை நம்ப முடியவில்லை. யார் அவர்? அந்தப் பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திண்டுக்கல்

எனக்கும் முதலில் அச்சுப்பிழை என்றுதான் தோன்றியது. 2025 ஜூலை 5 அன்று ஸாக்ரெப்பின் குதிரைப் பந்தயத் திடலில் நடந்த அந்த நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் டிக்கெட்டுகள் விற்றதாக ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். 2021 கணக்கெடுப்பின்படி குரோவேஷியாவின் மொத்த மக்கள்தொகையே 38.7 லட்சம்தான். பக்கத்து நாடான பாஸ்னியாவிலிருந்தும், பிழைப்புக்காக ஜெர்மனிக்கும் பிற நாடுகளுக்கும் போன குடும்பங்களிலிருந்தும் வந்தவர்களும் அதில் அடக்கம் என்றாலும், ஒரு நாட்டில் கிட்டத்தட்ட எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஒரே திடலில் கூடியது வேறு எந்தப் பாடகருக்கும் எளிதில் வாய்க்காதது.

தாம்சன் என்று மேடைப்பெயர் கொண்ட அவருடைய இயற்பெயர் மார்கோ பெர்கோவிச். 1966இல், தால்மேஷியக் கடற்கரைக்குப் பின்புறம் உள்ள வறண்ட கல்பூமியில், சாவோக்லாவே என்ற சிறு கிராமத்தில் பிறந்தவர். 1991 ஜூன் 25 அன்று குரோவேஷியா யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து தனிநாடு என்று அறிவித்ததும், நாட்டுக்குள் இருந்த செர்பியர்களின் ஆயுதப் படைகளும் அவர்களுக்குத் துணையாக யூகோஸ்லாவிய ராணுவமும் ஒருபக்கமாகப் போர் மூண்டது. அவருடைய கிராமம் போர்முனையில் அகப்பட்டுக்கொண்டது. ஊரைக் காக்க நின்ற இளைஞர்களில் ஒருவரான அவர் கைக்கு வந்தது, இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கத் தாம்சன் துப்பாக்கி. கூட இருந்தவர்கள் துப்பாக்கியின் பெயரையே ஆளுக்கும் வைத்துவிட்டார்கள். நம் ஊரிலும் 'புல்லட்' ஓட்டுகிறவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிடுவது உண்டல்லவா, அதுபோல.

அந்தக் குளிர்காலத்தில் அவர் தம் கிராமத்தின் பெயரிலேயே ஒரு போர்ப்பாட்டைக் கட்டினார். தலைப்பு 'சாவோக்லாவே படைப்பிரிவு' என்று பொருள்படும். சிக்கோலா ஆறு பிறக்கும் இடத்தில் சகோதரர்கள் வீடுகளைக் காக்க நிற்கிறார்கள் என்று தொடங்கி, நாங்கள் உயிரோடு இருக்கும்வரை நீங்கள் உள்ளே நுழைய முடியாது என்று எதிரிக்குச் சவால் விடும் பாட்டு. வுகோவார் நகரம் 87 நாள் முற்றுகைக்குப்பின் நவம்பர் 18 அன்று விழுந்து, நாடே துக்கத்தில் இருந்த காலம் அது. அப்போது இந்தப் பாட்டு எத்தகைய தெம்பைக் கொடுத்திருக்கும் என்பதை ஊகிக்க, குரோவேஷியராகப் பிறந்திருக்க வேண்டியதில்லை.

பாட்டின் வரிகள் ஆறு பிறக்கும் இடத்தில் தொடங்கினாலும், அதற்கும் முன்னால் ஒரு முழக்கம் வருகிறது. 'ஸா தோம்' என்று பாடகர் கூவ, 'ஸ்ப்ரெம்னி' என்று கூட்டம் திருப்பிக் கூவுகிறது. 'தாயகத்துக்காக', 'தயார்' என்பது அதன் பொருள். சர்ச்சை முழுவதும் இந்த இரு சொற்களைச் சுற்றியே நடக்கிறது.

தாயகத்துக்காகத் தயார் என்று சொல்வதில் என்ன தீங்கு? எந்த நாட்டில்தான் இப்படிப்பட்ட முழக்கம் இல்லை?
கல்லூரி மாணவி, திருநெல்வேலி

அகராதியை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு தீங்கும் இல்லை. இதே கேள்வியைத்தான் அந்தப் பாடகரின் ரசிகர்களும் கேட்கிறார்கள். அதோடு, 1876இல் அரங்கேறிய புகழ்பெற்ற குரோவேஷிய இசைநாடகம் ஒன்றில், துருக்கியப் படையை எதிர்த்துக் கோட்டைக்குள்ளிருந்து புறப்படும் வீரர்கள் 'தாயகத்துக்காக' என்று பாடுவதைச் சுட்டிக்காட்டி, சொல் பழையது என்றும் வாதிடுகிறார்கள். அந்த அளவில் அவர்கள் சொல்வது உண்மைதான்.

ஆனால் இவ்விரு சொற்களையும் கேள்வியும் மறுமொழியுமாகக் கோத்து, ஓர் அரசின் அதிகாரபூர்வமான வணக்கமாக ஆக்கியவர்கள் உஸ்தாஷாக்கள் என்ற குரோவேஷியப் பாசிச இயக்கத்தினர். 1941 ஏப்ரலில் ஹிட்லரின் படைகள் யூகோஸ்லாவியாவை வீழ்த்தியபோது, அவர்களுடைய தயவில் ஏப்ரல் 10 அன்று 'சுதந்திரக் குரோவேஷிய அரசு' என்ற பெயரில் ஓர் ஆட்சி அறிவிக்கப்பட்டது. அதன் தலைவர் உஸ்தாஷாத் தலைவரான ஆன்டே பாவெலிச். ஆட்சிக்கு வந்த மாதமே இனச் சட்டங்கள் வந்தன. செர்பியர்கள், யூதர்கள், ரோமா மக்கள், ஆட்சியை எதிர்த்த குரோவேஷியர்கள் ஆகியோரைக் கொல்வதற்கென்றே முகாம்கள் எழுந்தன. சாவா ஆற்றங்கரையில் இருந்த யாசெனோவாட்ஸ் முகாம் அவற்றில் மிகப் பெரியது. அங்குள்ள நினைவகம் பெயர் பெயராகச் சேகரித்து வைத்திருக்கும் பட்டியலில் 83,145 பேர் இருக்கிறார்கள். அவர்களுள் 47,627 பேர் செர்பியர்கள், 16,173 பேர் ரோமா, 13,116 பேர் யூதர்கள். இந்த முகாமை நடத்தியவர்கள் ஜெர்மானியர்கள் அல்லர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். உள்ளூர் ஆட்சியே கட்டி, உள்ளூர் ஆட்களே காவல் நின்ற முகாம் அது.

ஆணை ஓலையின் அடியில் கையெழுத்துக்கு மேலே எழுதப்பட்டதும், அதிகாரியைக் கண்டால் கையை உயர்த்திச் சொல்லப்பட்டதும் இந்த இரு சொற்கள்தான். யாசெனோவாட்ஸில் தாத்தாவை இழந்த ஒரு குடும்பம் பக்கத்துத் தெருவில் இந்த முழக்கத்தைக் கேட்கும்போது, இசைநாடகத்து வீரர்களை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது? சுவஸ்திகா நமக்குக் கோலத்திலும் கல்யாணப் பத்திரிகையிலும் வருகிற மங்கலச் சின்னம். அதனால் பெர்லினில் ஒருவர் அதைச் சுவரில் வரைந்தால் மங்கலம் ஆகிவிடாது.

1991இல் நாட்டைக் காத்தவர்கள் சொன்னதால் முழக்கத்தின் பொருள் மாறிவிட்டது என்று ரசிகர்கள் தரப்பில் சொல்வதாகப் படித்தேன். இதை ஒருவகைச் சிலேடை என்று எடுத்துக்கொள்ளலாமா?
தமிழாசிரியர், கோயம்புத்தூர்

நல்ல சொல்லைக் கொடுத்திருக்கிறீர்கள். அங்கே அரசே கிட்டத்தட்ட இந்த நிலைப்பாட்டைத்தான் எடுத்தது.

1991இல் குரோவேஷிய உரிமைக் கட்சியினர் அமைத்த 'எச்.ஓ.எஸ்.' என்ற தன்னார்வப் படை, இந்த முழக்கத்தைத் தன் சின்னத்திலேயே பொறித்துக்கொண்டது. அதில் சேர்ந்தவர்களில் பலர் இருபது வயதுப் பையன்கள். வுகோவாரிலும் பிற முனைகளிலும் அவர்கள் செத்தார்கள். இறந்தவர்களுக்கு நினைவுக்கல் வைத்தபோது சின்னமும் முழக்கமும் கல்லில் ஏறின. அப்படி ஒரு நினைவுப் பலகையை 2016இன் இறுதியில் யாசெனோவாட்ஸிலேயே கொண்டுபோய் வைத்தார்கள். முகாம் இருந்த ஊரில், முகாமை நடத்தியவர்களின் வணக்கம்! யூத அமைப்புகளும் செர்பிய அமைப்புகளும் கொதித்தெழுந்தன; பல மாதம் இழுத்தடித்து, 2017இல் பலகையை அருகிலுள்ள நோவ்ஸ்காவுக்கு மாற்றினார்கள். அரசு அமைத்த ஆலோசனைக் குழு 2018இல் சொன்ன முடிவு இன்னும் வேடிக்கையானது: முழக்கம் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது, ஆனாலும் அந்தப் படையில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் இடங்களில் மட்டும் விதிவிலக்காக அனுமதிக்கலாம். அதாவது ஒரே சொல் ஓரிடத்தில் குற்றம், இன்னோரிடத்தில் மரியாதை.

சிலேடைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. சிலேடை பாடும் புலவர் இரண்டு பொருளையும் தாமே பொறுப்பேற்றுச் சொல்கிறார். கேட்பவர் இரண்டையும் கண்டுபிடித்துச் சிரிக்கிறார். மேடை முழக்கத்தில் பொறுப்பு முழுவதும் கூட்டத்தின் தலையில் விழுகிறது. பாடகர் பாதியைத்தான் சொல்கிறார். நம் ஊரில் பழநிக்கு நடந்துபோகிறவர்கள் நடுவே ஒருவர் 'வெற்றிவேல்' என்றால், பக்தி இருக்கிறதோ இல்லையோ, அருகில் நிற்பவர் வாய் 'வீரவேல்' என்று சொல்லிவிடுகிறது. யோசித்துச் சொல்கிற சொல் அது இல்லை. பழக்கம் இழுத்துச் சொல்ல வைக்கிற சொல். ஸாக்ரெப் திடலிலும் அதுதான் நடக்கிறது. ஐந்து லட்சம் வாய்கள் மறுபாதியைச் சொல்லும்போது, 1991இல் அண்ணனை இழந்தவர் தம் அண்ணனுக்காகச் சொல்கிறார். அவருக்குப் பக்கத்தில் பாவெலிச்சின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருக்கும் பையன் தன் காரணத்துக்காகச் சொல்கிறான். ஒலியில் இருவரும் ஒன்று. இந்த இரட்டைப் பொருள் அந்த முழக்கத்துக்கு ஒரு குறை என்று நான் நினைக்கவில்லை. அதன் பலமே அதுதான். பின்னவன் முன்னவரின் துக்கத்துக்குப் பின்னால் நின்றுகொள்ள முடிகிறது.

நீதிமன்றங்கள் என்ன செய்துகொண்டிருந்தன?
வழக்கறிஞர், மதுரை

உங்களைப் போன்றவர்களுக்குச் சுவையான கதை இது. குரோவேஷிய அரசமைப்பு நீதிமன்றம், இது உஸ்தாஷா ஆட்சியின் வணக்கம் என்றும், நாட்டின் அரசமைப்புக்கு ஒவ்வாதது என்றும் ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. தெருவில் கூவியவர்களுக்கு அபராதம் போட்ட கீழ் நீதிமன்றங்களும் உண்டு. ஆனால் 2020 ஜூன் மாதம், சிறுகுற்றங்களுக்கான உயர் நீதிமன்றம் தாம்சனின் வழக்கில் வேறு வழியில் போயிற்று: முழக்கம் அந்தப் பாட்டின் ஆரம்பகாலப் பதிவிலிருந்தே பாட்டின் பகுதியாக இருப்பதால், பாட்டோடு சேர்த்துப் பாடும்போது அது பொது அமைதிக்குக் குந்தகம் ஆகாது என்றது.

இதற்குப் பக்கத்தில் ஒரு கால்பந்து வீரரின் கதையை வைத்துப் பாருங்கள். யோசிப் ஷிமுனிச் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் பிறந்தவர். குரோவேஷிய அணியின் தற்காப்பு ஆட்டக்காரர். 2013 நவம்பர் 19 அன்று ஐஸ்லாந்தை வென்று பிரேசில் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற மகிழ்ச்சியில், ஒலிவாங்கியை எடுத்து 'ஸா தோம்' என்றார்; அரங்கம் 'ஸ்ப்ரெம்னி' என்றது. ஃபிஃபா அவருக்குப் பத்து ஆட்டத் தடையும் 30,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தது. எந்த உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதைக் கொண்டாடினாரோ அந்த உலகக் கோப்பையிலேயே அவரால் ஆட முடியவில்லை. உள்நாட்டு நீதிமன்றம் தனியாக அபராதம் போட்டது. தாய்நாட்டுப் பற்றினால் சொன்னேன் என்று அவர் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார். 2019இல் அந்த நீதிமன்றம் அவருடைய மனுவை ஏற்கவே மறுத்தது. பேச்சுச் சுதந்திரம் மீறப்படவில்லை என்பது அதன் முடிவு.

ஆகச் சட்டம் இன்று நிற்கும் இடம் இது: பின்னணியில் கிட்டார் இருந்தால் கலை, இல்லாவிட்டால் குற்றம். மதுரை நீதிமன்ற வளாகத்து டீக்கடையில் இதை ஒரு மணிநேரம் விவாதிக்கலாம்.

ஐந்து லட்சம் பேரும் பாசிசவாதிகளா?
வாசகர், சென்னை

இல்லை. கைக்குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள். அவருடைய பாட்டுகளில் பெரும்பாலானவை கடவுளையும் குடும்பத்தையும் பிறந்த மண்ணையும் பற்றியவை. கிராமத்துத் தேவாலயத் திருவிழாவில் வைத்தாலும் பொருந்தும். வந்தவர்களை ஒட்டுமொத்தமாக வைவது, அந்தக் கூட்டத்தைத் தமதாக்கிக்கொள்ள நினைக்கும் தீவிரவாதிகளுக்கு நாம் செய்யும் பெரிய உதவி.

பக்கத்து நாடுகள் அவரைத் தடை செய்ததாகப் படித்தேன். குரோவேஷியாவும் தடை செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே?
வங்கி ஊழியர், புதுச்சேரி

தடைகள் உண்மைதான். 2003இல் ஆம்ஸ்டர்டாமில் நடக்கவிருந்த நிகழ்ச்சி நடக்கவில்லை, ரோட்டர்டாமுக்குப் போய்விட்டது. 2017இல் ஸ்லோவேனியாவின் மரிபோர் நகரில் அதிகாரிகள் பாதுகாப்பைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். ஆஸ்திரியா 2019இல் உஸ்தாஷாச் சின்னங்களையே தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குரோவேஷியர்கள் எல்லை தாண்டி வந்து கூடிய ஓர் அஞ்சலி நிகழ்ச்சியே அதற்குக் காரணம்.

இவற்றால் அவருடைய மதிப்பு குறைந்ததா என்று கேட்டால், எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒவ்வொரு தடையும் 'நம்மைப் பேசவிடமாட்டார்கள்' என்ற எண்ணத்தை ஊட்டி, அடுத்த நிகழ்ச்சிக்கு இன்னும் சில ஆயிரம் டிக்கெட் விற்றுக் கொடுத்தது. இசைத்தட்டைத் தடை செய்து பாட்டை நிறுத்த முடிந்த காலமும் போய்விட்டது. பாடுவதைத் தடுப்பதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, அரசு அந்த மேடையில் போய் நிற்காமல் இருப்பது.

அங்கேதான் குரோவேஷிய அரசு தடுமாறுகிறது. 2018இல் ரஷ்ய உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் தோற்றாலும் இரண்டாமிடம் பெற்றுத் திரும்பிய அணிக்கு, ஜூலை 16 அன்று ஸாக்ரெப்பில் மாபெரும் வரவேற்பு. வீரர்கள் ஏறிய திறந்த பேருந்தில் அவர்களோடு தாம்சனும் இருந்தார். நகரின் மையச் சதுக்கத்து மேடையிலும் பாடினார். நாட்டின் மிக மகிழ்ச்சியான நாளில், ஒரு செர்பியக் குரோவேஷியர் தம் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தச் சதுக்கத்தில் நிற்க முடியுமா என்ற கேள்வியை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 2025 நிகழ்ச்சிக்கு முந்திய ஒத்திகைக்குப் பிரதமர் ஆந்த்ரே ப்ளெங்கோவிச் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாடகரோடு படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் திடலில் என்ன முழங்கப் போகிறது என்று அந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் கூட்டங்களில் மிதவாதி என்று பெயர் வாங்கிய ஒரு பிரதமருக்கு, அந்தப் படம் எத்தனை வாக்கு மதிப்புடையது என்ற கணக்கு தெரிந்திருக்கும். அந்தக் கணக்குதான் எனக்குக் கசக்கிறது. பாடகர் பாதி முழக்கத்தைத் தருகிறார். கூட்டம் மறுபாதியைத் தருகிறது. ஓர் அரசு அதற்கு முத்திரை குத்திக் கொடுக்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது?

செர்பியர்கள் மட்டும் யோக்கியமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

யாரும் அப்படிச் சொல்லவில்லையே, ஐயா. 1990களின் போர் செர்பியத் தரப்பிலும் இதே மாதிரிப் பாட்டுகளை ஏராளமாக விளைவித்தது. அவற்றுள் ஒன்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

பாஸ்னியச் செர்பியர்களின் தலைவராக இருந்த ரதோவன் கராஜிச்சைப் புகழ்ந்து, அவர் தம் மக்களை நடத்திச் செல்ல வேண்டும் என்று பாடும் பாட்டு அது. போர்க்காலத்தில் எடுத்த காட்சியில், சீருடை போட்டவர்கள் அக்கார்டியன் வாசித்துக்கொண்டு பாடுகிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் காட்சி இணையத்தில் கேலிப்படமாகச் சுற்றத் தொடங்கி, பால்கன் எங்கே இருக்கிறது என்றே தெரியாத உலகத்து இளைஞர்களிடம் முஸ்லிம் வெறுப்பு நகைச்சுவையாகப் போய்ச் சேர்ந்தது. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன், காரை ஓட்டிக்கொண்டு போகும்போது கேட்ட பாட்டு அதுதான். ஐந்து நாள் கழித்து, மார்ச் 20 அன்று, திஹேக் நீதிமன்றம் இனப்படுகொலைக் குற்றவாளியான கராஜிச்சின் தண்டனையை 40 ஆண்டிலிருந்து ஆயுள் சிறையாக உயர்த்தியது. பாட்டின் நாயகன் சிறையில் இருக்கும்போதே, பாட்டு உலகின் மறுகோடிவரை போய்விட்டது.

பாட்டுக்காக யாராவது பாடகர் சிறைக்குப் போயிருக்கிறாரா?
சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

போயிருக்கிறார்கள் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

ருவாண்டாவில் சைமன் பிகிண்டி என்று பெரும் புகழ்பெற்ற பாடகர் ஒருவர் இருந்தார். 1994 ஏப்ரல் முதல் ஜூலைவரை அங்குள்ள சிறுபான்மை இனமான துட்சிகள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டபோது, கொலைக்குத் தூபம் போட்ட வானொலி நிலையம் அவருடைய பாட்டுகளை ஓயாமல் ஒலிபரப்பியது. ஐ.நா. அமைத்த அருஷா நீதிமன்றம் அந்தப் பாட்டுகளை வரிவரியாக ஆராய்ந்தது. 2008 டிசம்பர் 2 அன்று அவருக்கு 15 ஆண்டுச் சிறை விதித்தது. ஆனால் பாட்டுகளுக்காக இல்லை. வரலாற்றைத் திரித்து, பெரும்பான்மை இனமான ஹூட்டுகளை ஒன்றுசேர்க்கும் பாட்டுகள் அவை என்று ஒப்புக்கொண்ட நீதிபதிகள், கொலையைத் தூண்டும் நோக்கத்தோடு அவர் அவற்றை இயற்றினார் என்பதும், 1994இல் அவற்றைப் பரப்பியதில் அவருக்குப் பங்கு இருந்தது என்பதும் நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். அவரை வீழ்த்தியது வேறு. 1994 ஜூன் இறுதியில், ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் சாலை வழியே போகும்போது, துட்சிகளைக் கொல்லுங்கள் என்று அவர் பேசிய பேச்சு. பாட்டை விட்டுவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்கள்.

ஜெர்மனியில் நேர்மாறு. 1990களில் பெர்லினில் உருவான லாண்ட்ஸர் என்ற இசைக்குழு, யூதர்களையும் வெளிநாட்டவரையும் தாக்கும் பாட்டுகளை ரகசியமாகப் பதிவுசெய்து, வெளிநாட்டில் அச்சடித்து, கைக்குக் கை விற்றது. 2003இல் பெர்லின் நீதிமன்றம் அந்தக் குழுவையே குற்றக் கும்பல் என்று தீர்ப்பளித்து, பாடகருக்கு மூன்று ஆண்டு நான்கு மாதச் சிறை விதித்தது. 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கொள்ளைக் கூட்டத்துக்கான சட்டப்பிரிவு ஓர் இசைக்குழுவின்மேல் பாய்ந்தது அங்கே அதுவே முதல்முறை.

இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தால், தாம்சனின் பாட்டு இரண்டுக்கும் எட்டாத இடத்தில் நிற்பது தெரியும். அவர் யாரையும் கொல்லச் சொல்லவில்லை, ரகசியமாகவும் விற்கவில்லை. பட்டப்பகலில், வரி கட்டி, ரசீது கொடுத்து நடத்துகிறார்.

ஒரு மெட்டுக்குக் குற்றம் உண்டா? இசை எப்போதும் தூய்மையானது என்றல்லவா எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்?
இசை ஆசிரியை, தஞ்சாவூர்

மெட்டுக்குக் குற்றம் இல்லை. ஆனால் அதை ஒருவர் கடத்திக்கொண்டு போய்விட முடியும். இத்தாலிய டி.ஜே. ஒருவர் 1999இல் வெளியிட்ட காதல் பாட்டு ஒன்று உலகமெங்கும் நடன விடுதிகளில் ஒலித்தது. 2024 மே மாதம், ஜெர்மனியின் சில்ட் தீவில் ஒரு விலையுயர்ந்த மதுவிடுதியில், நன்றாக உடுத்திய இளைஞர்கள் அந்த மெட்டுக்கு 'ஜெர்மனி ஜெர்மானியருக்கே, வெளிநாட்டவர் வெளியேறு' என்ற சொற்களைப் போட்டுப் பாடும் காட்சி வெளியானது. அந்த ஆண்டு மியூனிக் அக்டோபர் திருவிழாவில் அந்தப் பாட்டையே ஒலிக்கவிடவில்லை. பாவம், அவர் எழுதியது காதலைப் பற்றி மட்டும்தான். எழுதியவரிடமிருந்து கூட்டம் பறித்துக்கொண்ட பாட்டு அது. தாம்சனின் பாட்டில் அந்த முழக்கத்தை எழுதியவரே கூட்டத்திடம் கொடுக்கிறார். உங்கள் மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லித்தரலாம்.

உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள் அந்தப் பாட்டைக் கேட்டீர்களா? எப்படி இருந்தது?
வாசகி, ஈரோடு

கேட்டேன். ஒருமுறை எழுதுவதற்காக; இரண்டாம் முறை எதற்காக என்று எனக்கே தெரியவில்லை. மொழி தெரியாது. ஆனாலும் அந்தக் கரகரத்த குரலும், தால்மேஷிய மலைப்புறத்து நாட்டுப்பாட்டின் இழுவையும், மேளம் வேகமெடுக்கும் இடமும் மேசைமேல் விரலைத் தட்டவைத்தன. நல்ல பாட்டு என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. மோசமான பாட்டாக இருந்திருந்தால் இந்தச் சர்ச்சை 1992லேயே முடிந்திருக்கும்.

மூன்றாம் முறை கேட்டபோது ஒன்றைக் கவனித்தேன். முழக்கம் பாட்டின் வாசலில்தான் நிற்கிறது. அதை வெட்டிவிட்டுச் சிக்கோலா ஆற்றிலிருந்து தொடங்கினாலும் பாட்டுக்கு ஒரு சுரமும் குறையாது. ஊரைக் காத்த பையன்களும் அப்படியே இருப்பார்கள், அந்தக் குளிர்காலமும் இருக்கும், எதிரிக்கு விட்ட சவாலும் இருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு மேடையிலும் அதை விடாமல் வைத்திருக்கிறார்.